முதல் பதிப்பின் கடைசி நொடி

காக்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பின்பக்கத் தெருவில், இரண்டு அபார்ட்மெண்டுகளுக்கு நடுவே ஓட்டுக்கூரை போட்ட ஒரே வீடு அதுதான். வெங்கி ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கேட்டைத் திறந்தபோது மதிய வெயிலில் எல்லாம் சாதாரணமாக இருந்தன. ஒரு சப்போட்டா மரம், கொடியில் காய்கிற தலையணை உறைகள், உள்ளே எங்கோ குக்கர் விசில். பயப்படவேண்டிய வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த வீட்டின் மேல் பழி போடவும் முடியாது. எல்லாம் இவன் கொண்டுபோன வினை.

வெங்கி அல்சூர்க்காரன். தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். இவன் பகலில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிறான். மற்ற நேரமெல்லாம் பழைய சினிமாப் பாட்டு. கேட்டோம், தலையாட்டினோம் என்று விடுகிற ஆள் இல்லை. ஒரே பாட்டின் எல்பி இசைத்தட்டு, கேசட், சிடி, இணையத்தில் வருவது, இப்போது புதிதாக அச்சடித்து விற்கிற கனத்த எல்பி என்று எல்லாவற்றையும் ஒரே சத்த அளவில் வைத்து அடுத்தடுத்துக் கேட்பான். எதில் குரல் சுத்தம், எதில் இரைச்சலை நீக்குகிறேன் என்று வயலினை அலுமினியப் பாத்திரமாக்கிவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்வான். அதற்கென்று ‘எந்தப் பதிப்பு?’ என்று ஒரு யூட்யூப் சேனலும் வைத்திருந்தான். “சாம்பார்ல உப்பு இல்லன்னா தெரியாது, சிடியில அரை ஸ்ருதி ஏறியிருந்தா மட்டும் தெரிஞ்சிடும்” என்பாள் அவன் மனைவி ஸ்ரீரஞ்சனி.

அன்று அவனை அங்கே கொண்டுவந்ததும் அந்தச் சேனல்தான். ஐம்பதுகளில் வந்த ஒரு படத்தின் கிறிஸ்துமஸ் பாட்டைப் பற்றிப் பேசும்போது, எல்லாப் பதிப்பிலும் கடைசியில் கோரஸ் மெல்லத் தேய்ந்து அடங்குகிறது என்று சொல்லியிருந்தான். அதற்குக் கீழே க்ளென் என்று ஒருவர் எழுதியிருந்தார்: எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் இருக்கும் இசைத்தட்டில் அது தேயவில்லை, கடைசியில் ஒரு பெண் பேசுகிறாள்.

அந்த ஆன்ட்டிதான் யூனிஸ். எழுபதைத் தாண்டியவர், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காபி கொடுத்துவிட்டு, பழைய பிளேயரின் மூடியைத் திறந்து, கனமான கறுப்பு இசைத்தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வைத்தார்.

சடசடவென்ற இரைச்சலுக்குள்ளிருந்து பாட்டு எழுந்து வந்தது. வெங்கிக்கு மயிர் கூச்செறிந்தது. எந்த மறுபதிப்பிலும் இல்லாத சதையும் ரத்தமும் அந்தக் குரல்களில் இருந்தன. கடைசியில் கோரஸ் தேயவில்லை. நின்றது. யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு, மைக்குக்குப் பக்கத்திலேயே, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பெண் ரகசியமாகக் கேட்டாள்.

“முடிஞ்சுதா?”

“இன்னும் இல்லக்கா” என்றார் யூனிஸ், மிகச் சாதாரணமாக. ஊசியைத் தூக்கி வைத்தார்.

“எங்க அக்கா. ஹில்டா. சர்ச் க்வயர்ல பாடுவா. மெட்ராஸ்ல படத்துக்குக் கோரஸ் வேணும்னு இங்கேருந்து கொஞ்சம் பொண்ணுங்கள ட்ரெய்ன்ல கூட்டிட்டுப் போனாங்க. பாட்டு முடிஞ்சும் மெஷின் ஓடிட்டே இருந்திருக்கு. இவ வாய வெச்சிட்டு சும்னே இருந்தாத்தானே?” அவர் சிரித்தார். “திரும்பி வந்த மாசமே டைஃபாய்டு. அவளுக்குப் பத்தொம்பது, எனக்கு ஆறு. பிளேட்டு வந்ததே அவ போனப்புறம்தான். அம்மா மொதல் தடவ போட்டப்போ, அவ அப்படிக் கேட்டதும், ‘இன்னும் இல்லம்மா’ன்னுட்டாங்க. அதுலேருந்து வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குக் கல்பள்ளி போய் சமாதியில பூ வெச்சிட்டு வந்து, மெழுகுவத்தி ஏத்தி இதப் போடுவோம். அவ கேப்பா, நாங்க சொல்லுவோம்.”

“ஏன் ஆன்ட்டி, இன்னும் இல்லன்னு?”

“முடிஞ்சுதுன்னா போயிடுவாளே.” யூனிஸ் தட்டை உறைக்குள் போட்டார். “பதில் சொல்றவங்க கூடத்தான் அவ இருப்பான்னு அம்மா சொல்லுவாங்க. அம்மா இருந்த வரைக்கும் அம்மாகூட இருந்தா. இப்ப எங்கூட. இவ்ளோ பெரிய வீட்ல தனியா இருக்கியே, பயமில்லையான்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் எங்கே தனியா இருக்கேன்?”

பிற்பாடு வந்த பதிப்புகளில் கம்பெனிக்காரர்கள் அந்தக் கேள்வியை வெட்டிவிட்டார்கள். வெங்கிக்குத் தெரிந்து முதல் பதிப்பில் வேறு தட்டு எதுவும் மிஞ்சவில்லை. உலகத்தில் ஹில்டா பேசிய குரல் மிச்சமிருந்தது இந்த ஒன்றில்தான். அதைப் பத்திரமாகப் பதிவு செய்து, சுத்தம் செய்து, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கொண்டுவந்து தருவதாக வெங்கி சொன்னான். யூனிஸ் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு பழைய தலையணை உறையில் சுற்றிக் கொடுத்தார்.

“பாத்துப்பா. என் உசுரு.”

முதலில் துடை, பிறகு பதிவு செய் என்பது வெங்கி சேனலில் ஓயாமல் சொல்கிற பாடம். ஸ்பிரிட் கலந்த தண்ணீர் ஒரு பாட்டில் எப்போதும் மேஜை மேல் இருக்கும். எல்பி பிளாஸ்டிக், ஸ்பிரிட் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் யூனிஸின் தட்டைப்போல, நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்று ஓடும் அந்தக் காலத்துத் தட்டு அரக்கு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் ஆசாரிகள் மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறார்கள். இது வெங்கிக்குத் தெரியாதா என்றால், தெரியும். இதைப் பற்றி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்து ஒரு வீடியோவே போட்டிருக்கிறான். ஆனைக்கும் அடி சறுக்கும். அன்று சாயங்காலம் எல்பி எல்பியாகத் துடைத்துக்கொண்டு வந்த கை, பழக்க தோஷத்தில் இதையும் எடுத்தது. ஊற்றியது. ஊறட்டும் என்று வைத்துவிட்டு, ஸ்ரீரஞ்சனி கூப்பிட்டாள் என்று காபி குடிக்கப் போனது.

திரும்பி வந்து துடைத்தபோது துணி கறுத்தது. ‘அடேயப்பா, எத்தனை வருஷத்து அழுக்கு!’ என்று சந்தோஷமாக இன்னும் அழுத்தித் துடைத்தான். அடுத்த துணியும் கறுத்தது. அதற்கடுத்ததும்.

அவன் துடைத்தது அழுக்கை அல்ல.

கை நின்றபோது தட்டின் முகம் செத்துப்போயிருந்தது. பளபளப்பு போய், வரிகள் குழைந்து, விரல் வைத்தால் ஒட்டியது. பிளேயரில் போட்டு ஊசியை வைத்தான். அம்மியில் மணலை அரைப்பதுபோல ஒரு சத்தம், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை. ஹில்டா பேசிய இடத்திலும் அதே மணல்.

“இன்னிக்கே போய்ச் சொல்லிடு வெங்கி” என்றாள் ஸ்ரீரஞ்சனி. “திட்டினா வாங்கிக்கோ. பெரியவங்க, மன்னிச்சிடுவாங்க.”

“சொல்றேன்” என்றான். சொல்லவில்லை. திட்டுவார் என்ற பயம் இல்லை. திட்டமாட்டார் என்று தெரியும், அதுதான் பயமாக இருந்தது. அவென்யூ ரோடு பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் அதே பாட்டின் இன்னொரு தட்டு கிடைத்தது. அதே நிற லேபிள், அதே கம்பெனி, பின்னால் அச்சானது. அதில் ஹில்டா இருக்கமாட்டாள் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் அவன்தான். தெரிந்தேதான் வாங்கி, யூனிஸின் பழைய உறைக்குள் போட்டு, தலையணை உறையில் சுற்றினான்.

கல்லறைத் திருநாளன்று யூனிஸ் அவனையும் வரச் சொல்லியிருந்தார். கல்பள்ளியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். சேலையில் சாமந்தி வாசனையும் மெழுகு வாசனையும் இருந்தன. பிளேயருக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி எரிந்தது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு ஓடியது. கோரஸ் வந்தது. மெல்லத் தேய்ந்து அடங்கியது.

யூனிஸ் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

ஊசி வெறும் வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது.

“ஒண்ணும் கேக்கலையே” என்றார். மறுபடி போட்டுப் பார்த்தார். குனிந்து, காதைப் பெட்டிமேலேயே வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் குழந்தை தொலைந்துபோன கலக்கம் இருந்தது. “வெங்கி, உனக்குக் கேட்டுதா?”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்ததும் உண்மைதான்.

“கேட்டுதே ஆன்ட்டி” என்றான். “நல்லாவே கேட்டுது.”

யூனிஸ் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். “அப்போ என் காதுதான் போச்சு.” பிறகு, “பதில் சொல்லாம விடக்கூடாதுப்பா. ஆனா அவ குரலக் கேட்டவங்கதான் சொல்லணும், கேக்காம சொன்னா அது வேஷம். நீதானே கேட்டே? எனக்காக நீ சொல்லிடு.”

வெங்கி மெழுகுவத்தியைப் பார்த்தான்.

“இன்னும் இல்ல, ஹில்டா.”

அவன் சொன்ன அந்தக் கணத்தில் மெழுகுவத்திச் சுடர் அசையவில்லை, கதவு அடித்துக்கொள்ளவில்லை. தெருவில் யாரோ அவுட் என்று கத்தினார்கள். யூனிஸ் நிம்மதியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேக் வெட்டிக் கொடுத்தார். அதை வெங்கி சாப்பிட்டான்.

மறுநாள் வேறொரு படத்தின் புது எல்பியையும் அதன் பழைய சிடியையும் ஒப்பிட உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டினான். முதல் பாட்டு முடிந்தது.

“முடிஞ்சுதா?”

திடுக்கிட்டுத் திருப்பிப் போட்டான். மறுபடியும் அதே இடத்தில். கணினித் திரையில் ஒலி எழும்பினால் கோடு துள்ளும். அந்த இடத்தில் கோடு தட்டையாகக் கிடந்தது. சிடியைப் போட்டான். பாட்டு நின்றதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதே குரல். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“முடிஞ்சுதா?”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மனசாட்சி செய்கிற வேலை, இரண்டு நாளில் அடங்கிவிடும் என்றுதான் அவனும் நினைத்தான். அடங்கவில்லை. எது முடிந்தாலும் அதன் பின்னாலேயே அந்தக் கேள்வி வந்தது. ஆபீசில் மீட்டிங் முடிந்து எல்லோரும் எழுந்துகொள்ளும்போது வந்தது. மெட்ரோவில் அல்சூர் ஸ்டேஷன் அறிவிப்பு நின்றதும், நிறைந்த கூட்டத்தில், தோளுக்குப் பக்கத்தில் வந்தது. ஃபோனை வைத்ததும் வந்தது. குளித்துவிட்டுக் குழாயை மூடினால் வந்தது. வரும்போதெல்லாம் லேசாக ஸ்பிரிட் வாசனை அடித்தது.

அவன் எதையும் முடியவிடாமல் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தான். டிவி ஓடிக்கொண்டே இருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. பாட்டு முடிவதற்கு முன்னால் அடுத்த பாட்டைத் தட்டினான். பதிப்புகளை ஒப்பிடுகிறவன் எந்தப் பாட்டையும் கடைசிவரை கேட்க முடியாமல் போனான்.

“என்ன ஆச்சு உனக்கு?” என்றாள் ஸ்ரீரஞ்சனி. “மிக்சிய ஆஃப் பண்ணா எதுக்கு அப்படிப் பதறறே?”

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் ஒரு தடவை, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, “இன்னும் இல்ல” என்று முணுமுணுத்தான். உடனே நின்றது. அன்று முழுக்க வரவில்லை. மறுநாள் காலையில், அலாரத்தை அணைத்த கையை எடுப்பதற்குள் தலையணையில் வந்து கேட்டது. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குத் தினமும் பதில் சொல்லியாகவேண்டும் என்பது அப்போது அவனுக்குப் புரிந்தது.

யூனிஸ் ஃபோன் செய்தார். “காதுக்கு மெஷின் வாங்கிட்டேன் வெங்கி. அப்பப்பா, என்னென்னவோ கேக்குது! சப்போட்டா மரத்துல அணில் கடிக்கிறதுகூடக் கேக்குது.” குரல் மெதுவாக இறங்கியது. “அவ மட்டும் கேக்கல. தினம் போட்டுப் பாக்கறேன். என்மேல ஏதாச்சும் கோவமாப்பா அவளுக்கு? நீ வந்தப்போ உங்கிட்ட பேசினாளே, கோவமா இருந்தாளா?”

“இல்ல ஆன்ட்டி.”

“வீடு ரொம்பப் பெருசா இருக்கு வெங்கி. இப்பதான் தெரியுது.”

அவர் ஃபோனை வைத்தார். வைத்த நொடியில், அவன் காதுக்குள், அவருடைய அக்கா கேட்டாள். வெங்கி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஒரு தட்டை நாசமாக்கியது கைப்பிழை. ஒரு வயதானவளின் துணையைத் திருடியது கைப்பிழை இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஸ்ரீரஞ்சனியிடம் எல்லாவற்றையும் சொன்னான். குரல் கேட்பதை அவள் நம்பினாளோ இல்லையோ, மற்றதை நம்பினாள். “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அவங்க சர்ச் முடிஞ்சு வந்திருப்பாங்க. போய்ட்டு வா.”

நாசமான தட்டை எடுத்துக்கொண்டு போனான். ஹாலில் நல்ல வெளிச்சம். அதை மேஜை மேல் வைத்தான். ஸ்பிரிட்டை, அவென்யூ ரோட்டை, கல்லறைத் திருநாளன்று சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னான். யூனிஸ் கோபப்படவில்லை. குழைந்துபோன வரிகளை விரலால் தடவினார், நெற்றியில் கைவைத்துப் பார்ப்பதுபோல.

“அப்போ என் காது நல்லாத்தான் இருக்கு.”

“ஆமா ஆன்ட்டி.”

அவர் காதிலிருந்து மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்தார். “அன்னிக்கு நான் சொல்லச் சொன்னதும் சொன்னியே. யாருக்குப்பா பதில் சொன்னே?”

“அப்போ யாரும் கேக்கல. பொய்தான்.” அவனுக்குக் குரல் உடைந்தது. “ஆனா இப்ப கேக்கறா ஆன்ட்டி. நெஜமா. தினம் கேக்கறா. அவ எங்கிட்ட இருக்கா.”

யூனிஸ் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவன் சொன்ன பொய்யை அந்தக் கண்கள் நம்பின நாள் ஒன்று இருந்தது. உண்மையைச் சொல்கிற இன்று அவற்றில் நம்பிக்கை துளிகூட இல்லை.

“இன்னும் எத்தன தடவ வெங்கி?” என்றார் மெதுவாக. “நீ ஒடச்சதக்கூடத் தாங்கிப்பேன். அவள வெச்சு வெளையாடாதப்பா.”

அவர் பேசி நிறுத்திய அந்த இடத்தில், இருவருக்கும் நடுவில் இருந்த வெற்று நாற்காலியிலிருந்து, தெளிவாக வந்தது.

“முடிஞ்சுதா?”

வெங்கி நாற்காலியைப் பார்த்தான். யூனிஸ் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது வாயைத் திறந்து பதில் சொன்னால் அது அவருக்கு இன்னொரு வேஷமாகத்தான் தெரியும். ஸ்பிரிட் வாசனை மூக்கை அடைத்தது. மறுபடியும் கேட்டது, இன்னும் பக்கத்தில். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

“போய்ட்டு வா” என்றார் யூனிஸ். “பிளேட்டு இருக்கட்டும். கெட்டாலும் என்னுது.”

கேட்டைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்தான். சாவியைப் போடக் கை வரவில்லை. உச்சி வெயில். தெருவில் ஆள் இல்லை. திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பிளேயரின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு மணலை அரைக்கிற அந்தச் சத்தம் தொடங்கியது. யூனிஸ் அந்தச் செத்த தட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அது அரைத்து அரைத்துக் கடைசி வட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

அமைதி.

கேட்டவர்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்று சொன்ன யூனிஸ், எதையும் கேட்காமலே, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“இன்னும் இல்லக்கா.”

வெங்கி கண்ணை மூடிக்கொண்டான். கேள் ஹில்டா, உன் தங்கைதான், போய்விடு அவளிடம் என்று மனதுக்குள் கெஞ்சினான்.

ஸ்கூட்டரின் பின்பக்கம் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்ததுபோல மெல்லத் தாழ்ந்தது.

அந்தக் குரல் அதுவரை அந்த ஒரு கேள்வியைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. தட்டில் இருந்ததும் அவ்வளவுதான். இப்போது அது பேசியது, அவன் கழுத்தருகே, ரகசியமாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“யாரு அந்தக் கெழவி? என்னப் போயி அக்காங்குது.”